ஞானம் அண்ணையும் ஐந்தாவது உறையும்

ஞானம் அண்ணை இறந்துபோன செய்தி ஞானம் அண்ணையின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. வேலைக்குக் கிளம்பி சிட்னியின் கெல்லிவில் மெட்ரோ நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய படம், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: இன்று அதிகாலை காலமானார். நான் உடனே அழவில்லை. யாரோ அவருடைய எண்ணைக் களவாடிவிட்டார்கள் என்றுதான் முடிவு கட்டினேன். தன் சாவைத் தானே அறிவிக்கிற மனிதர் உலகத்தில் உண்டா? அவர் மனைவி மனோ அக்காவை அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. மெல்பர்னில் கிரெய்கிபர்னில் இருக்கும் மகனை அழைத்தேன். "ஓம் அன்ரி, அப்பா போயிட்டார். நான் ரோட்டில வந்துகொண்டிருக்கிறன்" என்றான். அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மனோ அக்காவே கூப்பிட்டார். "பிள்ளை, அவர் போயிட்டார். ஆர் ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியாமல், அவற்ற ஃபோனைப் பக்கத்து யூனிட் பொடியனிட்டக் குடுத்து எல்லாருக்கும் போட்டுவிடச் சொன்னனான்." அதன் பிறகுதான் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

"ஒருத்தர் சொன்னால் கதை. ரெண்டு பேர் தனித்தனியாச் சொன்னால்தான் செய்தி." இது அவர் அடிக்கடி சொல்வது. அவர் சாவுக்கும் அதே விதியைத்தான் பயன்படுத்தினேன். இதைக் கேட்டிருந்தால் அவர் கோபப்பட்டிருக்க மாட்டார், தலையாட்டியிருப்பார்.

நம் அஞ்சல் தலை சேகரிப்பு வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஞானம் அண்ணையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாளையும் மையையும் பசையையும் மூக்கால் முகர்ந்தே வகை சொல்வார். ஸ்ட்ராத்ஃபீல்ட் நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை நாம் கூடும்போது, ஜன்னலோரக் கதிரை அவருடையது. சந்தேகம் வந்த அஞ்சல் தலையும் உறையும் அந்தக் கதிரைக்குத்தான் போகும். பல நேரம் அழுதுகொண்டு திரும்பி வரும்.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். பரமட்டாவில் ஒரு வார இறுதிச் சந்தையில் பழைய அஞ்சல் தலை ஒன்றை ஆசையாக வாங்கி, பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினேன். வணக்கம் இல்லை, பெயர் கேட்கவில்லை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வித்தவர் ஏன் வித்தவர்?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும்? கடை போட்டிருந்தாரு, வாங்கினேன்."

"உவ்வளவு வடிவான சாமானை வச்சிருக்கிற ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்க நிண்டு ஏன் விக்கிறார் எண்டு நீர் யோசிக்கேல்லையோ?"

நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சோதிக்கிற வேலையில் இருப்பவள். வீடு எரிந்தது என்று வருகிறவரிடம், எரிவதற்கு முந்தின நாள் குடும்பப் படங்களை ஏன் வெளியே எடுத்தீர்கள் என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என்னைப் பார்த்தே இப்படிக் கேட்டுவிட்டாரே என்று எரிச்சல் வந்தது. போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "உனக்கு ஏத்த ஆள் கிடைச்சுட்டாரு, விட்டுடாதே" என்றார். விடவில்லை. அந்தத் தலை போலி என்பது மறுமாதம் இன்னொருவர் தனியாகப் பார்த்துச் சொன்னபோது உறுதியாயிற்று.

அவர் சந்தேகத்துக்கு உறவு, ஊர் எதுவும் தெரியாது. மனோ அக்காவின் தம்பிக்கு அறுபது வயது நிறைந்தபோது ஹோம்புஷில் ஒரு மண்டபத்தில் விருந்து. தம்பி தன்னிடமிருந்த பழைய இலங்கைத் தலை ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டு மேடையில் வைத்து, "எங்கட அத்தானுக்குத்தான் இதின்ர அருமை தெரியும்" என்று ஒலிவாங்கியில் சொல்லி அவரைக் கூப்பிட்டார். ஞானம் அண்ணை எழுந்து போய், சட்டத்தைக் கையில் எடுத்து, "லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்கோ" என்றார். அதோடு விருந்து முடிந்தது. மைத்துனர் இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "ஒரு சபையில பொய் சொல்ல ஏலாதா மனுசனுக்கு?" என்று மனோ அக்கா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஞானம் அண்ணையின் பதில்: "மைக்கில கேட்டவன். மைக்கில சொல்ல வேண்டியதாப் போச்சு."

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் என் கண் முன்னாலேயே ஓர் உறையைப் பார்த்துவிட்டு, அது சரியில்லை என்று தெரிந்தே, சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தைப் பற்றி உங்களில் சிலர் இறுதிச் சடங்கு நடந்த இடத்திலேயே, அவர் உடல் இருக்கும்போதே, முணுமுணுத்தீர்கள். என் காதில் விழுந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் வட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு தலையையோ உறையையோ உண்மையானது என்று எழுதித் தரக் கேட்டால், நாம் தருகிற தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்றுதான் இருந்தால் அது வெறும் தாள். இந்த விதியைக் கொண்டுவந்தவர் ஞானம் அண்ணை. இரண்டாவது கையெழுத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. "ஏன் அண்ணை நானு? எனக்கு உங்களை மாதிரி தெரியாதே" என்று கேட்டேன். "உமக்கு என்னில பெரிய மரியாதை இல்லை. அது நல்லது" என்றார். பாராட்டா திட்டா என்று புரியாமலே ஒப்புக்கொண்டேன்.

உறைகளைச் சோதிக்க அவர் எனக்குக் காட்டித் தந்த முதல் பாடம் எளிமையானது. அஞ்சலகத்தில் முத்திரை குத்தும்போது அந்த வட்டம் பாதி தலையிலும் பாதி உறையிலும் விழும். வட்டத்தின் கோடு தலையிலிருந்து உறைக்குத் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். விளிம்பில் மயிரிழை விலகினாலும், அந்தத் தலை அங்கே பிறந்தது இல்லை, வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால், அஞ்சலகப் பசை சும்மா இருக்கும், கடைப் பசை வெள்ளையாக ஒளிரும். "சீல் ஒண்டு சொல்லும், பசை ஒண்டு சொல்லும். ரெண்டும் ஒரே கதையைச் சொல்லுதோ எண்டு பாரும்." அங்கேயும் அதே இரண்டு பேர் விதிதான்.

தென் சூடான் உறைகள் நம் மேசைக்கு வந்தது அவர் நன்றாக இருந்த காலத்தில்தான். கொண்டுவந்தவர் அச்சோல் என்ற பெண்மணி. பிளாக்டவுனில் இருக்கிறார், முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. அவர் நாட்டவர்கள் இங்கே வைத்திருக்கும் சங்கம், தங்கள் நாடு விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் ஐந்து நினைவு உறைகளை எங்கிருந்தோ தேடி வாங்கியிருந்தது. ஒவ்வோர் உறையிலும் இடப்பக்கம் ஒரு படம். முதலாவதில் நைல் நதியில் ஒரு படகு. இரண்டாவதில் மூட்டை முடிச்சோடு நடந்து போகிற சனம். மூன்றாவதில் வாக்குப் போட வெயிலில் நிற்கிற வரிசை. நான்காவதில் கொடி ஏறுகிறது. ஐந்தாவதுதான் முக்கியம்: அந்த நாட்டின் சொந்தத் தலை, அதில் அவர்கள் கொடி, அதன் மேல் தலைநகர் ஜூபாவின் அஞ்சல் முத்திரை. மற்ற நான்கிலும் வேறு நாட்டுத் தலைகள்தான். விடுதலை நாள் விழாவில் வைக்கப் போகிறோம், உண்மையானவை என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார் அச்சோல்.

ஞானம் அண்ணை ஐந்தாவது உறையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாடு பிறந்தால் முதல்ல கொடி வரும், பிறகு ஸ்டாம்ப் வரும், தண்ணிக் குழாய் கடைசியாத்தான் வரும்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் நான்கும் சுத்தம். ஐந்தாவதை அவருக்கும் எனக்கும் நடுவில் விளக்கின் கீழே வைத்தார். எனக்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. முத்திரை வட்டம் தலையின் விளிம்பில் மயிரிழை விலகியிருந்தது. விளக்கைப் போட்டதும் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று எழுந்தது. முத்திரை ஒன்று சொல்லிற்று, பசையும் அதையே சொல்லிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

"சரியான சாமான்" என்றார். பேனாவை எடுத்து எழுதினார். ஐந்தும் உண்மையானவை. கீழே கையெழுத்து. தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எதிரே அச்சோல் கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் முன்னால் எனக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுதான்: "இன்னிக்கு நான் கண்ணாடி கொண்டு வரலை அண்ணை." கண்ணாடி என் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்தீர்கள்.

"அப்ப பிறகு பாப்பம்" என்று தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் நான் கதவோரம் நின்றேன். உள்ளே அவரும் அச்சோலும் மட்டும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சோல் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் வேலையில் நான் பார்த்த முக்கால்வாசி மோசடிகள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன, ஒரு நல்ல மனிதரும் ஒரு மெல்லிய பேச்சுமாக. அடுத்த மாதம் ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்துப் படிக்கட்டில் அச்சோல் அவரிடம் ஒரு துணிப்பையைக் கொடுப்பதைக் கண்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பார்வைதான் என்னை உறுத்திற்று. யாரும் பார்க்கக் கூடாது என்று வாங்குகிற பையில் என்ன இருக்கும்?

எனக்கு என்னவெல்லாம் தோன்றிற்று என்று மறைக்கப் போவதில்லை. உறையில் முதலில் இருந்த நல்ல தலையை இவரே கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொன்றை ஒட்டிவிட்டாரோ என்றுகூடத் தோன்றிற்று. நம் நண்பர் ஒருவர் வேறொரு விளக்கம் வைத்திருந்தார். "அண்ணையோட ஊருக்குக் கிடைக்காத தனிநாடு இவங்களுக்குக் கிடைச்சிருக்கு. அதைப் போலின்னு சொல்ல அவருக்கு மனசு வரலை. அவ்வளவுதான்." கேட்பவர்கள் கண் கலங்கினார்கள். நான் கலங்கவில்லை. அழகான விளக்கம் என்றாலே எனக்கு ஆகாது. தவிரவும், ஞானம் அண்ணை கொடியைப் பார்த்துப் பொய் எழுதுகிற ஆள் என்றால், அது நான் அறிந்த ஞானம் அண்ணையே இல்லை.

விழாவில் உறைகளை வைத்தார்கள். சான்றுத் தாள் இல்லாமல்தான் வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் கூட்டம் முடிகிற நேரத்தில் ஞானம் அண்ணை பையிலிருந்து அந்தத் தாளை எடுப்பார்.

"பிள்ளை, இண்டைக்குக் கண்ணாடி கொண்டு வந்தனீரோ?"

"இல்லை அண்ணை."

"சரி, சரி. அவசரமில்லை."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. மறுக்கிறவளைப் பார்த்து ஒருவர் கோபப்படலாம், கெஞ்சலாம். இவர் சந்தோஷப்படுகிறார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கார் நிறுத்துமிடத்தில் கேட்டே விட்டேன்: "நீங்க அந்த முத்திரை வட்டத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

"நீர் பாத்தனீர்தானே?"

"பாத்தேன்."

"பிறகென்ன? ஒராள் பாத்தால் காணும்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேர், இரண்டு பேர் என்று உயிரை வாங்கிய மனிதர், ஒரு ஆள் போதும் என்கிறார். அன்று இரவு சோறு இறங்கவில்லை எனக்கு. இவ்வளவு நாள் யாரை நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு. இதை விட வேதனை வேறு என்ன இருக்கிறது?

பிறகு அவர் நோயில் விழுந்தார். மருத்துவமனையில் பார்க்கப் போனபோதும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. போர்வையை விரலால் தேய்த்துப் பார்த்து, "பருத்தி எண்டு சொல்லுறாங்கள், முழுப் பருத்தி இல்லை இது" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இறுதிச் சடங்கில் அச்சோல் கடைசி வரிசையில் நின்றார். மனோ அக்காவிடமோ மகனிடமோ ஒரு வார்த்தை பேசவில்லை, பெட்டியைப் பார்த்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். முன் வரிசையில் "கடைசியில அவரும்" என்று யாரோ இழுத்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். ஆனால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து அச்சோலே என்னை அழைத்தார். ஜூபாவில் சிறிய காட்சிக்கூடம் ஒன்று அமைக்கிறார்களாம். இங்கிருந்து ஊருக்குப் போகிற ஒருவரிடம் ஐந்து உறைகளையும் கொடுத்து அனுப்பப் போகிறார்கள். இனி அவை இங்கே திரும்பி வராது. தாள் வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் ஒரு நாட்டின் சுவரில் பொய் தொங்கும். போடாவிட்டால், இறந்தவர் எழுதியது பொய் என்று நானே ஊருக்கு அறிவித்ததாகும். கைப்பையில் விளக்கையும் லென்ஸையும் போட்டுக்கொண்டு பிளாக்டவுனுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சண்டைக்குத்தான் போனேன்.

அச்சோல் என்னை உட்கார வைத்தார். ஐந்தாவது உறையை என் முன்னால் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணி தேய்க்கும் பெட்டியையும், குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற பசைக் குழாய் ஒன்றையும் கொண்டுவந்து உறைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இவை வந்தபோது யார் வீட்டில் வைப்பது என்று சங்கத்தில் சண்டை. என் வீட்டில்தான் பத்திரமாக இருக்கும் என்று நான்தான் வாதாடி வாங்கி வந்தேன். ஈரக் காற்றில் ஐந்தும் சுருண்டுவிட்டன. பெரியவர்கள் பார்க்கப் போகிற பொருள் சுருண்டு கிடக்கலாமா? பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவற்றையும் தேய்த்தேன். நான்கு நன்றாக வந்தன. ஐந்தாவதில் கொடித் தலை துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மகளின் பசையை எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன். சரியாகத்தான் வைத்தேன் என்று நினைத்தேன்."

அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லோரும் தேநீருக்குப் போனபிறகு உங்கள் அண்ணன் கேட்டார், எந்தச் சூட்டில் தேய்த்தீர்கள் என்று. 'காட்டன்' என்றேன். அவர் சிரித்துவிட்டார்."

நான் சிரிக்கவில்லை. விளக்கை எடுத்தேன். பசையை ஒரு துண்டுத் தாளில் தடவி, காயவிட்டு, விளக்கின் கீழே பிடித்தேன். அதே வெள்ளை. லென்ஸை வைத்து வட்டத்தைப் பார்த்தேன். தலையை மனசுக்குள் மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினால், முறிந்திருந்த கோடு தலையிலிருந்து உறைக்குச் சிக்கலில்லாமல் ஓடிற்று. முதல் நாளே இதைப் பார்த்திருக்கலாம். நான் விலகலைத்தான் பார்த்தேன், எவ்வளவு விலகல் என்று பார்க்கவில்லை. தலை அங்கே பிறந்ததுதான். சரியான சாமான்தான்.

ஆனால் தேய்த்ததையும் ஒட்டியதையும் எழுதாமல் விட்டது பிழை. நம் வட்டத்தில் யார் அப்படி எழுதினாலும் பிழைதான். அதை அச்சோலிடமே சொன்னேன். "அவரும் அதைத்தான் சொன்னார்" என்றார் அச்சோல். "நான் அழுதேன், எங்கள் ஆட்களிடம் சொல்லாதீர்கள் என்று. அவர் சொன்னார்: 'நீங்களே சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன். நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், ஆனால் இந்தத் தாள் செல்லாது. இன்னொரு கையெழுத்து வேண்டும். கதவோரம் நிற்கிறாளே, கழுத்தில் கண்ணாடி தொங்குகிறதே, அவள் வைக்க மாட்டாள். ஆகவே பொய் ஒன்றும் வெளியே போகாது. நீங்கள் ஆற அமரச் சொல்லுங்கள்.' உங்களுக்கு எப்படித் தெரியும் அவள் வைக்கமாட்டாள் என்று கேட்டேன். 'அவள் ஒருவரையும் நம்ப மாட்டாள். அதனால்தான் நான் அவளை நம்புகிறேன்' என்றார்."

அவர் இறந்த பிறகு, தன் பிழையை மறைத்து நின்ற ஆளும் போய்விட்டதாக அச்சோலுக்குத் தோன்றியிருக்கிறது. முந்தின நாள்தான் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டாராம். பிறகு ஒரு முதியவர், "நம் நாட்டையே எத்தனை முறை கழற்றி ஒட்டினோம், இது என்ன பெரிய விஷயம்" என்றிருக்கிறார். "இதை நீங்கள் எழுதலாம். எல்லோருக்கும் தெரியட்டும்" என்று அச்சோலே என்னிடம் சொன்னார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பிளாக்டவுனிலிருந்து திரும்பும்போது மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. உறையைப் பற்றிய சந்தேகம் தீர்ந்துவிட்டது, விளக்குச் சொல்லிவிட்டது. ஆனால் 'அவளை நம்புகிறேன்' என்று அவர் சொன்னதாகச் சொன்ன அந்த வாக்கியம்? என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு நன்றாகச் சொன்னார் என்று இன்னொருவர் வந்து சொன்னால், அதுவும் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் சொன்னால், நான் எப்படி நம்புவேன்? இறந்தவர் வாயில் எதையும் வைக்கலாம், அவர் வந்து மறுக்கப் போவதில்லை. ஒருவர் சொன்னால் கதை.

தாள் ஞானம் அண்ணையின் பையில் இருந்தது. அதை வாங்க ஹோம்புஷில் மனோ அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பையையும் ஆல்பங்களையும் என் முன்னால் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நான் முதலில் ஆல்பங்களைத்தான் திறந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்தக் கொடித் தலை இருக்கிறதா என்று தேடினேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. என் இடத்தில் அவர் இருந்தால் அட்டைக்கு உள்ளேயும் தேடியிருப்பார். இல்லை. தென் சூடானின் தலை ஒன்றுகூட இல்லை.

மனோ அக்கா தேத்தண்ணியோடு வந்தார். அச்சோலைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. அவர் தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தார். "ஆரோ ஒரு ஆபிரிக்கப் பிள்ளை குடுத்தது எண்டு ஒருநாள் பை நிறைய வெண்டிக்காய்த் தூள் கொண்டு வந்தார். குழம்பு வையும் எண்டார். வச்சால் அது பசை மாதிரி இழுக்குது பிள்ளை. எனக்கு வந்த கோபத்துக்கு, இனி உந்த மனுசி என்ன தந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்." படிக்கட்டில் அவர் இரண்டு பக்கமும் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கிற்று. வாங்கிய பையை வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்காவிடம் திட்டு வாங்க வேண்டுமே என்ற பயம்.

பிறகு அக்கா பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைத்தானே தேடுறீர்? ஒவ்வொரு மாசமும் உதைக் கொண்டு போவார், கொண்டு வருவார். 'வச்சாவோ கையெழுத்து?' எண்டு கேட்டால், 'இல்லை, வைக்கேல்லை' எண்டு சொல்லிச் சிரிப்பார். எனக்கு விசர் வந்திட்டுது. ஒருநாள் கேட்டுட்டன், உம்மை நம்பாத ஒரு பிள்ளையை ஏன் பக்கத்தில வச்சிருக்கிறீர் எண்டு."

"அதுக்கு என்ன சொன்னாரு அக்கா?"

"'உந்தப் பிள்ளை ஒருத்தரையும் நம்பாது. அதாலதான் நான் அவவை நம்புறன்' எண்டார். இது என்ன கதை, நீரே சொல்லும்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்திலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அவர் எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ஐந்தாவது உறையின் தலை ஒருமுறை கழன்று, அதே தலை திரும்ப ஒட்டப்பட்டது. அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். கண்ணீர் தாளில் விழாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். விழுந்திருந்தால் மை கரைந்துவிட்டது என்று திட்டியிருப்பார்.

தாள் இப்போது உறைகளோடு போய்விட்டது. அவருடைய லென்ஸை மகன் எனக்குத் தந்தான், வேண்டாம் என்று நம் வட்டத்துக்கே கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். பிளாக்டவுனில் ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். ஹோம்புஷில் ஒருத்தி தமிழில் சொன்னாள். இருவரும் ஒருவரோடொருவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள், அண்ணை. நம்புகிறேன்.